கவனிக்க ஒருவர்: தனிக்கவனமும் வழிகாட்டுதலும் பற்றிய ஓர் ஆய்வு

வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர்களிடம் "உங்களைத் தூக்கிவிட்டது எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆளைத்தான் சொல்வார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், பட்டறையில் தொழில் பழக்கிய மேஸ்திரி, கல்லூரிக்குப் பணம் கட்டிய சித்தி, முதல் வேலையில் நெளிவுசுளிவு சொல்லித்தந்த சீனியர் என்று யாராவது ஒருவர் இருப்பார். ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் ஆள் மாறுமே தவிர, கதை மாறுவதில்லை.

இந்தச் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒருவர் இன்னொருவர்மேல் வைக்கும் தனிக்கவனம் உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றால் எப்போது? யாருக்கு அது கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமலே போகிறது? சென்ற நூறு ஆண்டுகளில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், சமூகவியலாளர்கள், பொருளியலாளர்கள் எனப் பலரும் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைத் திரட்டிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். படித்ததிலிருந்து எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிக்கவனத்தை நல்லவர்களின் நல்ல குணம் என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது ஓர் ஏற்பாடும்கூட. நேரம் ஒதுக்கி, ஆள் எண்ணிக்கையை அளவோடு வைத்து, பாதியில் கைவிடாமல் நடத்தினால் பலன் தருகிறது. குணத்தை மட்டும் நம்பி விட்டுவிட்டால் பலருக்கு எட்டாமல் போகிறது, சிலருக்குத் தீங்கும் செய்கிறது.

திருவல்லிக்கேணி மாடியில்

கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நேரே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியிடம் போய்விடுகிறார்கள். ஆனால் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில்தான் தனிக்கவனம் வேலை செய்யும் விதம் துலக்கமாகத் தெரிகிறது.

1910-ல் வேலை தேடித் திருக்கோவிலூர் போன ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டியவர் அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். வருவாய்த் துறையில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை கொடுத்து அந்தத் திறமையை முடக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக ராமானுஜன் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை அமைந்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

பைகிராஃப்ட்ஸ் சாலை என்று அன்று பெயர்பெற்றிருந்த திருவல்லிக்கேணித் தெருவில் நாராயண ஐயரின் வீடு இருந்தது. அலுவலகம் முடிந்து சாயங்காலம் இருவரும் அந்த வீட்டு மாடிக்குப் போவார்கள். ஆளுக்கொரு பெரிய சிலேட்டு. இரவு வெகுநேரம் வரை கணக்கு நடக்கும். ராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவிவிடுவார். இடையில் என்ன நடந்தது என்று கணிதம் கற்ற நாராயண ஐயருக்கே பிடிபடாது. உன் இரண்டு படிகளுக்கு நடுவே குறைந்தது பத்துப் படிகளாவது எழுது, எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். ராமானுஜனுக்குக் கணிதம் கற்றுத்தர அவரால் ஆகாது. ஆனால் அந்தக் கணிதத்தை வெளியுலகம் படிக்கும்படி எழுதவைக்க அவரால் முடிந்தது. துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் விஷயத்தைப் போட்டதும் அவர்தான். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இந்த வரிசையில் ஒவ்வொருவரும் செய்தது வேறு வேலை. ஒருவர் திறமையை அடையாளம் கண்டார். ஒருவர் சாப்பாட்டுக்கு வழி செய்தார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவர் தன் பதவியின் மதிப்பைப் பயன்படுத்திக் கதவைத் திறந்துவிட்டார். வழிகாட்டி என்றதும் ஒரே ஓர் உத்தமரைத் தேடுகிறோம். நடைமுறையில் அது பலர் கைமாற்றி முடித்த காரியமாகவே இருக்கிறது.

வழிகாட்டலில் தொழில் உயர்வுக்கான துணை ஒன்று, மனத்துக்கான துணை இன்னொன்று என்று இரண்டு பகுதிகள் உண்டு என அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1985-ல் வெளிவந்த தம் நூலில் வகுத்துக் காட்டினார். ராமானுஜன் வாழ்க்கையில் இந்த வேறுபாடு கண்கூடு. ஹார்டி கணிதத்தில் அவருக்கு ஈடு இணையற்ற துணை. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதில் ஹார்டியின் பங்கு பெரிது. ஆனால் போர்க்கால இங்கிலாந்தில் சைவ உணவுக்குத் திண்டாடி, தனியாகச் சமைத்து, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டவரை அன்றாடம் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. 1917-ல் நோயில் விழுந்தவர் 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார்.

ஆசிரியரோடு ஐந்து ஆண்டுகள்

பதினேழாம் வயது நடந்துகொண்டிருந்த ஒரு பையனை அவன் தந்தை 1871-ல் மாயூரத்துக்கு அழைத்துப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் விட்டார். வேங்கடராமன் என்ற அவன் பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் அந்த ஆசிரியர். பின்னாளில் உ.வே.சா. என்று அறியப்பட்ட அந்தப் பையன் 1876-ல் பிள்ளை இறக்கும்வரை கூடவே இருந்தார். பாடம் கேட்பது, பிள்ளை வாய்விட்டுச் சொல்லும் செய்யுள்களை ஏட்டில் எழுதுவது, அவரோடு ஊர் ஊராகப் போவது எல்லாமே கல்விதான். பிள்ளையிடம் சாதி மத வேறுபாடு பெரிதாக இல்லை. நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவரான சவரிராயலு நாயக்கரும் அவருடைய மாணாக்கர்கள். மாணவரின் தகுதி அறிந்து பாடம் சொன்னார், அவர்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் தாமே கவலைப்பட்டார்.

தனிக்கவனத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதை இதே உறவில் காணலாம். உ.வே.சா.வுக்குச் சங்கீதத்தில் உயிர். மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுப் பயிலத் தொடங்கியிருந்தார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்தில் கவனம் குறையும் என்று பிள்ளை கருதியதால் அந்தப் பயிற்சியை அவர் விட்டுவிட நேர்ந்தது. தமிழுக்கு அது ஆதாயமாக முடிந்தது. ஆனாலும் ஓர் இளைஞன்மேல் வழிகாட்டிக்கு எவ்வளவு அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்பதற்கு இது சான்று. எந்தக் கதவைத் திறப்பது என்று முடிவெடுப்பவரே எந்தக் கதவை மூடுவது என்றும் முடிவெடுக்கிறார். வேறு போக்கிடம் இல்லாத மாணவன் மறுபேச்சுப் பேச முடியாது.

பிள்ளைக்குப் பிறகும் சங்கிலி அறுபடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவரே. 1880-ல் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு உ.வே.சா.வைச் சிபாரிசு செய்தார். அதே ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அந்த இளம் ஆசிரியரைக் கேட்டார். அந்தக் கேள்வியின் பலனாக 1887-ல் சிந்தாமணி அச்சேறியது, சங்க நூல்கள் பின்தொடர்ந்தன. ஆண்டுக்கணக்கில் கூட இருப்பதும் உதவி, சரியான சமயத்தில் சரியான ஆளிடம் கேட்கும் ஒரு கேள்வியும் உதவி. இரண்டாவது பயன்பட வேண்டுமானால் முதலாவது ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

இவை மனத்தைத் தொடும் சாட்சியங்கள். ஆனால் கரையேறியவர்கள் சொன்னவை. ஆசிரியர் கிடைத்தும் தேறாதவர்கள், ஆசிரியரே கிடைக்காமல் தாமாக முன்னேறியவர்கள், யாரும் கவனிக்காமல் வாடிப்போனவர்கள் ஆகியோரின் கதைகள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்களையும் கணக்கில் சேர்த்த ஆய்வுகள் வேண்டும்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் போன்ற பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களிடம் பொதுவாகத் தென்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோரோ பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, அவர்களை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தது. சுமுகமான குணமுள்ள குழந்தைகளே பெரியவர்களை எளிதில் ஈர்த்தன என்பதையும் வெர்னர் கண்டார். எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது.

குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும். 1904-ல் நியூயார்க் சிறுவர் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது அமெரிக்காவின் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு. தன்னார்வலர் ஒருவரைச் சிறுவர் ஒருவரோடு இணைத்து, மாதத்தில் சில முறை சந்தித்துப் பேசவும் வெளியே போய்வரவும் வைப்பது அதன் வேலை. 10 முதல் 16 வயது வரையான 959 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே துணை தந்து, மறு பாதியைக் காத்திருக்கவைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1995-ல் வந்தது. பதினெட்டு மாதத்தில், துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடங்கியது 46 சதவீதம் குறைவு. மதுவைத் தொடங்கியது 27 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் பாதியாகக் குறைந்தன. இத்தனைக்கும் அந்தத் தன்னார்வலர்கள் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வந்தார்கள், பேசினார்கள், மறுபடி வந்தார்கள்.

மறுபடி வருவதுதான் உயிர்நாடி என்பதை அதே தரவுகளை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் அலசியபோது காட்டினார்கள். ஓராண்டைத் தாண்டிய இணைகளில் பலன் தெளிவாக இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த இணைகளில் சிறுவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துபோயிருந்தது. ஏற்கெனவே பெரியவர்களிடம் ஏமாந்த குழந்தைக்கு, பாசமாகப் பேசிவிட்டுக் காணாமல் போகும் இன்னொரு பெரியவர் கூடுதல் காயம். விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் ஒருநாள் போய்ப் பிரியாணி பரிமாறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் அன்பர்கள் இந்த முடிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிடக் கசப்பான ஆய்வு ஒன்றும் உண்டு. ஹார்வர்டு மருத்துவர் ரிச்சர்டு காபட் 1939-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் அதைத் தொடங்கினார். 506 சிறுவர்களில் பாதிப் பேருக்குச் சராசரி ஐந்து ஆண்டுகள் ஆலோசகர் துணை, வீட்டு வருகை, பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்டு அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று வாஞ்சையோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் 1978-ல் அவர் வெளியிட்ட கணக்கு வேறு விதமாக இருந்தது. குடிப்பழக்கம், மனநோய், மீண்டும் குற்றம், இளவயதுச் சாவு ஆகியவற்றில் உதவி பெற்றவர்களின் நிலை உதவி பெறாதவர்களைவிட மோசம். தவறான வழியில் சாயக்கூடிய சிறுவர்களை முகாம்களில் ஒன்றாகச் சேர்த்தது ஒருவரையொருவர் கெடுத்தது என்பது பின்னால் வந்த விளக்கங்களில் வலுவானது. வெளியார் துணையைச் சார்ந்தே பழகியவர்கள் அது நின்றதும் தடுமாறினார்கள் என்பது இன்னொன்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, பயனாளியின் நன்றியும் சான்றாகாது என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொல்கிறது.

சாயங்கால வகுப்புகள்

நம் நாட்டுப் பள்ளிகளில் ஒரு குழந்தை பின்தங்குவது சத்தமில்லாமல் நடக்கிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு அங்கே நடக்கும் பாடம் எட்டாது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு நின்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய 'பால்சகி' திட்டத்தில், அதே வட்டாரத்தைச் சேர்ந்த இளம்பெண்கள் மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய சுமார் 20 குழந்தைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்ததைக் காட்டியது. அந்தப் பெண்களிடம் பி.எட். பட்டம் இல்லை. குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் சுதந்திரமும் அதற்கான நேரமும் இருந்தன.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இதையே பெரிய அளவில் செய்தது. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் அதே தெருவில் வாழும் பெண்கள். சாயங்காலம் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ வகுப்பு நடந்தது. "அக்கா" என்று குழந்தைகள் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யாருக்கு இன்றைக்குச் சாப்பாடு இல்லை, யார் நேற்று வரவில்லை என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். வராத பிள்ளையை இரண்டு வீடு தள்ளிப் போய்க் கூட்டிவருவாள். தமிழகக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது தெரிந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இதில் அதிகம் கலந்துகொண்டார்கள் என்பது கூடுதல் சிறப்பு.

தனிக்கவனம் பெரிய எண்ணிக்கைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு இது பதில். மகாவித்துவான்களை லட்சக்கணக்கில் உண்டாக்க முடியாதுதான். இருபது குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அக்காக்களை உண்டாக்க முடியும்.

ஒன்பது விசாரிப்புகள்

கவனம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேலை செய்யும் என்பதை அறிய மருத்துவத் துறைக்குப் போக வேண்டும். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையும் கொழும்பும் அவற்றில் அடக்கம். பங்கேற்றவர்கள் 1,867 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பகுதியினருக்கு அதோடு ஒரு மணி நேரத் தனி உரையாடலும், வீட்டுக்குப் போன பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். 2008-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். பிற இடங்களில் நடந்த இதே வகை ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு தெளிவான விடை தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் மருத்துவர்கள் குறைவாக உள்ள நம் ஊர்களில், "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா, சாப்பிட்டீங்களா" என்று முறையாக, தவறாமல் ஒருவர் கேட்பது உயிரைக் காக்கக்கூடும் என்பதற்கு இது பெரிய ஆதாரம். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பின் தன்னார்வலர்கள் இந்த நம்பிக்கையில்தான் தொலைபேசிக்கு அருகே அமர்ந்திருக்கிறார்கள்.

வேலை செய்யும் இடத்தில்

தொழிற்சாலையில் கவனத்தின் விளைவு பற்றிய பேச்சு சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் தொடங்கியது. 1924 முதல் 1932 வரை அங்கே நடந்த சோதனைகளில் வெளிச்சத்தை மாற்றினார்கள், ஓய்வு இடைவேளையை மாற்றினார்கள். எதை மாற்றினாலும் உற்பத்தி கூடியது, ஏனென்றால் தொழிலாளர்கள் தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று உணர்ந்தார்கள் என்பது பிரபலமான விளக்கம். பின்னால் தரவுகளைத் துருவியவர்கள் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை. சோதனையின் நடுவே இரண்டு பெண்களை மாற்றியிருந்தார்கள், கூலி முறையும் மாறியிருந்தது. ஆகவே ஹாதார்ன் பெயரைச் சொல்லி, தோளில் தட்டிக்கொடுத்தால் போதும், சம்பளம் முக்கியமில்லை என்று வாதிடுவதற்கு ஆதாரம் இல்லை. கவனிப்பு நியாயமான கூலிக்கு மாற்றாகாது.

அண்மை ஆய்வுகள் இன்னும் துல்லியமானவை. அமெரிக்காவில் தொலைபேசி வழி விற்பனை செய்யும் நிறுவனமொன்றில் 653 ஊழியர்களிடம் நடந்த சோதனை 2020-ல் வெளியானது. ஊழியர்களை இருவர் இருவராகச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு எளிய தாள் ஒன்று தரப்பட்டது. இந்த வாரம் எந்த அழைப்பு நன்றாகப் போனது, எதில் சிக்கினாய், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறாய் என்கிற வகைக் கேள்விகள் அதில் இருந்தன. இருவரும் எழுதி, பேசிக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களில் விற்பனை வருவாய் 24 சதவீதம் கூடியது. சோதனை முடிந்து இருபது வாரங்களுக்குப் பிறகும் 18 சதவீத உயர்வு நீடித்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிந்திருந்தது தனக்குத் தெரியாமல் இருந்ததே தடை. கேட்டால் விவரமில்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் அந்தத் தடையைக் காத்து வந்தது. ஒரு தாளும் ஒதுக்கிய நேரமும் கூச்சத்தை உடைத்தன.

அதே ஆய்வாளர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் செய்த இன்னொரு சோதனைதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ஒரு பிரிவில் எல்லாருக்கும் கட்டாயமாக வழிகாட்டி. இன்னொரு பிரிவில் விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும். கட்டாயப் பிரிவினரின் வருவாய் முதல் ஆறு மாதத்தில் சுமார் 18 சதவீதம் கூடியது. கேட்டவர்களுக்கு மட்டும் தந்த பிரிவில் குறிப்பிடும்படி பலன் இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கேட்பதில்லை, ஏற்கெனவே சூட்டிகையானவர்களே கை தூக்குகிறார்கள். "என் கதவு எப்போதும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று சொல்லும் மேலாளர்களும் பேராசிரியர்களும் கவனிக்க வேண்டிய செய்தி இது. திறந்த கதவு வழியாகத் துணிந்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

கண்ணில் படாதவர்கள்

இங்கே நம் சமூகத்தின் வேதனையான பகுதிக்கு வருகிறோம். தனிக்கவனம் தானாக நடக்கும்போது அது தன்னைப் போன்றவரைத் தேடிப் போகிறது. தன் ஊர், தன் சாதி, தன் கல்லூரி, தன் மொழி நடை. "நம்ம பையன், பார்த்துக்கங்க" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாதவர்கள் அதே வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அறிவில் குறையில்லை. எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, நேர்காணலில் எதைக் கேட்பார்கள், யாரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பது என்று வீட்டில் சொல்ல யாருமில்லை. பெண்களுக்கு இன்னொரு தடை. ஆண்களின் டீக்கடைப் பேச்சிலும் இரவு விருந்திலும் கைமாறும் தகவல் அவர்களை எட்டுவதில்லை. பெண் ஊழியர்மேல் அக்கறை காட்டினால் வம்பு பேசுவார்கள் என்று ஒதுங்கும் மேலதிகாரிகளும் உண்டு.

தன்னைப் போன்றவரைத் தாண்டிப் பார்த்த ஒருவரின் கதை இதற்குப் பதிலாக நிற்கிறது. பம்பாய் சர்னி ரோடு பூங்காவில் தினமும் உட்கார்ந்து படிக்கும் ஒரு மாணவனை கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் கவனித்தார். பேச்சுக் கொடுத்தார். தீண்டாமைக்கு உள்ளான சமூகத்துப் பையன் என்று அறிந்த பிறகும் புத்தகங்கள் தந்து வழி சொன்னார். 1907-ல் அந்தப் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துப் போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்தார். 1913-ல் அதே மன்னரின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகம் போனார் அம்பேத்கர். கேளுஸ்கர் செய்தது பெரிய காரியம். ஆனால் அம்பேத்கரே பின்னாளில் தனிமனிதக் கருணையை நம்பிக் காத்திருக்கவில்லை. உரிமையையும் இடஒதுக்கீட்டையும் சட்டத்தில் எழுதினார். கோடிக்கணக்கானோருக்குக் கேளுஸ்கர்கள் கிடைக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இடஒதுக்கீடு வாசலைத் திறந்தது. உள்ளே வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னும் தீராத கடன்.

அமெரிக்காவில் 708 நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்த கலேவ், டாபின், கெல்லி ஆகியோர் 2006-ல் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. சமத்துவம் பற்றி வகுப்பெடுப்பதால் மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் பெரிதாகக் கூடவில்லை. இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஆளை நியமித்த இடங்களில்தான் மாற்றம் அதிகம். முறைப்படுத்திய வழிகாட்டல் திட்டங்கள் குறிப்பாகக் கறுப்பினப் பெண்களுக்கு உதவின.

செய்ய வேண்டியவை

இந்தச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகள் எனக்கு உறுதியாகத் தெரிகின்றன.

முதலாவது, வழிகாட்டலை வேலையாகக் கணக்கிட வேண்டும். சொந்த வேலையை முடித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் புதியவருக்குச் சொல்லிக்கொடு என்றால் மிஞ்சாது. சொல்லிக்கொடுக்கும் மணிகளை வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும், பதவி உயர்வில் மதிக்க வேண்டும். சாயங்கால வகுப்பெடுக்கும் பெண்ணுக்கு 1,000 ரூபாய் தொடக்கமாக இருக்கலாம், நிரந்தர அளவாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கை. அறுபது பேர் உள்ள வகுப்பிலும், நூறு பேருக்கு ஒருவர் என்ற அலுவலகத்திலும் தனிக்கவனம் பற்றி உரை நிகழ்த்திப் பயனில்லை. ஒருவர் பார்வைக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, காலம். ஓராண்டு நிற்க முடியாதவர் குழந்தைகளுக்குத் துணையாகச் சேரவே வேண்டாம். புத்தகம் வாங்கித் தருவது, கட்டணம் கட்டுவது என்று வேறு வழியில் உதவட்டும். சேர்ந்தவர் போக நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லி, அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

நான்காவது, கேட்காதவரிடம் போவது. வழிகாட்டியை விருப்பத்துக்கு விடாமல் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் தர வேண்டும். அப்போது அது குறையுள்ளவருக்கான சலுகை என்ற வெட்கமும் இருக்காது, நம்மவருக்கு மட்டும் என்ற ஓரவஞ்சனையும் குறையும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. ஒருவர் கையில் இன்னொருவரின் எதிர்காலம் இருக்கும் உறவில் அத்துமீறலுக்கு இடமுண்டு. ஆராய்ச்சி மாணவர்களும் பயிற்சி ஊழியர்களும் இதை நன்கு அறிவார்கள். ஒரே வழிகாட்டியை முழுதாகச் சார்ந்திராதபடி இரண்டாவது ஆளும், பயமின்றி முறையிட ஓர் இடமும் இருந்தே ஆக வேண்டும்.

ஆறாவது, அளந்து பார்ப்பது. சிறுவர்கள் நன்றியோடு நினைத்த திட்டமே அவர்களுக்குத் தீங்கு செய்திருந்ததை ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊர்த் தொண்டு அமைப்புகளும் அரசுத் திட்டங்களும் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போக வேண்டும்.

இவற்றில் எதற்கும் அபூர்வமான மனிதர்கள் தேவையில்லை. நம்மிடம் இருக்கும் சாதாரண மனிதர்களுக்கு நேரமும் பொறுப்பும் தர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நிறுவனத்தில் போன மாதம் சேர்ந்த பெண் தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பாள்? பதில் சொல்ல அந்த ஆளுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? நாளைக் காலை வேலைக்குப் போனதும் இந்த இரண்டையும் விசாரியுங்கள். விடை இல்லை என்றால், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.